மண்வாயு ஆய்வில் பூஜ்யம் வந்தால் உடனே நம்பாதீர்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிணறு போடுவதற்கு முன்பே நிலத்தடி நீர் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்வது மண்வாயு ஆய்வு. நீரில் கரைந்த பென்சீன், டி.சி.இ. எனப்படும் ட்ரைக்குளோரோஎத்திலீன் போன்றவை ஆவியாகி, மண் துகள்களின் இடுக்கு வழியாக மேலே வரும். அந்த ஆவியை மெல்லிய குழாயால் உறிஞ்சி அளந்தால் கண்காணிப்புக் கிணற்றை எங்கே போடலாம் என்று தெரிந்துவிடும். பெட்ரோல் நிலையம், பழைய தொழிற்சாலை மனை, உலர்சலவைக் கடை இருந்த இடம் என்றால் முதலில் செய்யவேண்டியது இதுதான்.

ஆனால் இந்த முறை பற்றிய கையேடுகளில் பல, வறண்ட மண்ணையும் ஆழமான நீர்மட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மி.மீ.க்கு மேல் மழை. பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் கடலோரக் களிமண்ணில் ஒரு மீட்டர் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் இங்கே கருவி பொய்யாகக் கூட்டிச் சொல்வது குறைவு. பொய்யாகப் பூஜ்யம் காட்டுவதுதான் அதிகம். பெரிய எண் வந்தால் யாராவது மறுபடி அளந்து பார்ப்பார்கள். பூஜ்யம் வந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வீட்டின் தரைக்கு அடியில் ஆவி ஏறிக்கொண்டே இருக்கும். கீழே பூஜ்யத்துக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதற்காகத்தான்.

சரியான குழாய் எப்படி இருக்கும்

கோளாறு பார்ப்பதற்கு முன் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். 5 செ.மீ. விட்டத்தில் 1.5 மீட்டர் ஆழத் துளை என்று வைத்துக்கொள்வோம். அடியில் 30 செ.மீ. உயரத்துக்குக் கழுவிய கரடு மணல். அதன் நடுவே துளைகள் உள்ள எஃகு முனை. மணலுக்கு மேல் 30 செ.மீ. உலர்ந்த பெண்டோனைட் (நீர் பட்டால் உப்பி அடைக்கும் களிமண்) குருணை. அதற்கு மேல் தரைமட்டம் வரை தண்ணீர் விட்டுக் குழைத்த பெண்டோனைட். நடுவில் உலர்ந்த அடுக்கு எதற்கு என்றால், மேலே ஊற்றும் தண்ணீர் மணலுக்குள் இறங்காமல் இருக்க. குழாய் நைலான் அல்லது டெஃப்லான். வெளி விட்டம் 6.35 மி.மீ., உள் விட்டம் சுமார் 4.3 மி.மீ.

சிலிக்கோன் குழாய், மீன் தொட்டிக்கு விற்கும் மிருதுவான பிளாஸ்டிக் குழாய் எதுவும் வேண்டாம். இரண்டும் ஆவியைக் குடித்துவிட்டு, அடுத்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும்.

கையால் துளையிட்டுப் பதித்தது என்றால் 48 மணி நேரம் விடுங்கள். தண்டை அடித்து இறக்கியது என்றால் 2 மணி நேரம் போதும். துளையிடும்போது உள்ளே போன வெளிக்காற்று மண்வாயுவோடு கலந்து சமநிலைக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.

மாதிரி எடுக்கும் முன் உள்ளே நிற்கும் பழைய காற்றை வெளியேற்றவேண்டும். அதன் கணக்கு இது. குழாயில் மீட்டருக்கு 14.5 மி.லி. வீதம் 2.5 மீட்டருக்கு 36 மி.லி. மணலின் இடுக்கில், 35 சதவீதம் என்று கொண்டால், ஏறக்குறைய 205 மி.லி. உலர் பெண்டோனைட்டில், பாதி இடுக்கு என்று கொண்டால், 295 மி.லி. மொத்தம் சுமார் 535 மி.லி. அதன் மூன்று மடங்கு 1,600 மி.லி. நிமிடத்துக்கு 200 மி.லி. வேகத்தில் 8 நிமிடம். குழாயை மட்டும் கணக்கில் எடுத்து அரை நிமிடத்தில் வெளியேற்றலை முடித்துவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். அந்த மாதிரியில் இருப்பது துளையிட்ட அன்று உள்ளே போன காற்று.

அறிகுறி: பம்ப் ஓடுகிறது, வாயு வரவில்லை

வெற்றிடமானி 25 கிலோபாஸ்கலைத் தாண்டி ஏறுகிறது. ஓட்டமானியில் குண்டு அடியிலேயே கிடக்கிறது. முதலில் தரைக்கு மேலே குழாயைக் கழற்றிவிட்டு பம்பை வெறும் காற்றில் ஓட்டுங்கள். அப்போதும் வெற்றிடம் ஏறினால் கோளாறு உங்கள் இணைப்பில்தான்: வடிகட்டி நனைந்திருக்கும், வால்வு பாதி மூடியிருக்கும், குழாய் மடங்கியிருக்கும்.

வெறும் காற்றில் சரியாக ஓடினால் மறுபடி மாட்டி, 20 கிலோபாஸ்கல் வரை இழுத்து, பம்ப் பக்கத்து வால்வை மூடிவிட்டு முள்ளைக் கவனியுங்கள். சில நொடிகளில் பூஜ்யத்துக்கு இறங்கினால் மண் மூச்சு விடுகிறது. வேகத்தைக் குறைத்தால் போதும். நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் இறுக்கமான களிமண். அசையவே இல்லை என்றால் முனை அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீருக்குள் நிற்கிறது.

களிமண் என்றால் நிமிடத்துக்கு 100, பிறகு 50 மி.லி. என்று குறையுங்கள். அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் இழுப்பது, வால்வை மூடுவது, வெற்றிடம் தணிந்ததும் மறுபடி இழுப்பது. பம்பின் வேகத்தைக் கூட்டுவது மட்டும் கூடாது. அதிக வெற்றிடம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் ஆவியைப் பிடுங்கி எண்ணைச் செயற்கையாக ஏற்றும். இல்லாவிட்டால் பெண்டோனைட்டின் ஓரமாக வெளிக்காற்றை உறிஞ்சி எண்ணை இறக்கும். எந்தப் பக்கம் பிழை என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

கோலாலம்பூரின் கென்னி ஹில் பாறை சிதைந்து உண்டான மண்ணில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். வேகத்தைக் குறைத்தும் எதுவும் வராமல் போனால் பதிவேட்டில் 'ஓட்டம் இல்லை' என்று எழுதுங்கள். '0' என்று எழுதாதீர்கள். வாயு வரவில்லை என்பது வேறு, மாசு இல்லை என்பது வேறு. வரைபடம் வரைபவர் அந்த 0-ஐ அப்படியே எடுத்துச் சமக்கோடு இழுத்துவிடுவார்.

அறிகுறி: குழாயில் தண்ணீர் ஏறுகிறது

வெளிர் நிறக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நீர்த்துளி குழாயின் அகலத்துக்கு நிறைந்து, பம்ப் துடிக்கும்போதெல்லாம் ஒரு விரற்கடை மேலே ஏறி, அரை விரற்கடை கீழே இறங்கும். அதைக் கண்ட மாத்திரத்தில் பம்பை நிறுத்திவிடுங்கள். அந்தத் துளி கைக்கருவிக்குள் போனால் அன்றைய வேலை முடிந்தது. கேனிஸ்டருக்குள், அதாவது ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும் வெற்றிடக் கலனுக்குள், போனால் அந்த மாதிரி வீண். வருமுன் காக்க, குழாய்க்கும் கருவிக்கும் நடுவே சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றை நீர்ப்பொறியாக வைப்பது நல்லது. அதன் கொள்ளளவையும் வெளியேற்றும் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

நீர்மட்டம் 1.5 மீட்டரில் இருக்கிறது, குழாய் 1.2 மீட்டரில் நிற்கிறது, பிறகு ஏன் தண்ணீர் என்று கேட்பவர்கள் உண்டு. நீர்மட்டத்துக்கு மேலேயும் மண் தண்ணீரை நுண்துளைகள் வழியாக உறிஞ்சி வைத்திருக்கும். மணலில் அந்தப் பட்டை 10 முதல் 30 செ.மீ.; வண்டலில் ஒரு மீட்டரை நெருங்கும்; களிமண்ணில் அதற்கும் மேல். அந்தப் பட்டைக்குள் வாயு ஓட இடமே இல்லை.

பிறை, ஜெலுத்தோங் போன்ற தாழ்ந்த, கடலை ஒட்டிய இடங்களில் குழாயை 60, 70 செ.மீ.க்கு உயர்த்தவேண்டியிருக்கும். அவ்வளவு மேலே வந்தால் வெளிக்காற்று கலக்கும் ஆபத்து கூடும். எனவே திறந்த புல்வெளியை விட்டு, கான்கிரீட் தளத்துக்கு நேர் அடியில் எடுங்கள். கடலுக்கு மிக அருகே நீர்மட்டமும் அலை ஏற்ற இறக்கத்தோடு கொஞ்சம் ஆடும். வற்று நேரம் பார்த்து எடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள்.

நீர்மட்டம் ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கும் மனையில் மண்வாயுவை விட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை. அங்கே கையாலேயே ஒரு முனையை இறக்கி நேரடியாகத் தண்ணீரை எடுத்துவிடலாம். எளிதான வழி இருக்கும்போது சுற்றி வளைப்பானேன்?

அறிகுறி: ஆக்சிஜன் 20.9 சதவீதம்

ஒன்றரை மீட்டர் ஆழத்து மண்ணில் ஆக்சிஜன் வெளிக்காற்றின் அளவிலேயே இருந்தால், நீங்கள் அளப்பது பெரும்பாலும் வெளிக்காற்றைத்தான். ஒவ்வொரு குழாயிலும் இந்த வரிசையில் கசிவு பாருங்கள்.

1. மூடிய சோதனை. தரைக்கு மேலே உள்ள இணைப்பு முழுவதையும் 25 கிலோபாஸ்கல் வெற்றிடத்துக்குக் கொண்டுவந்து இரு முனைகளையும் மூடுங்கள். ஒரு நிமிடம் முள் அசையக் கூடாது. அசைந்தால் முதலில் இணைப்பு வளையங்களை மாற்றுங்கள்.

2. ஹீலியம் கூடாரம். குழாய் தரைக்குள் நுழையும் இடத்தையும் இணைப்புகளையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, ஓரத்தில் ஈரமண் அணைத்து, உள்ளே 10 முதல் 20 சதவீதம் வரை ஹீலியம் நிரப்புங்கள். பலூனுக்கு விற்கும் ஹீலியமே போதும். கூடாரத்தின் செறிவை எப்படியும் அளக்கத்தான் போகிறீர்கள்.

3. வெளியேற்றும் வாயுவில் ஹீலியத்தை அளங்கள். கூடாரத்தில் 20 சதவீதம் இருக்க, குழாயில் 1 சதவீதம் வந்தால் கசிவு 5 சதவீதம். அதற்கு மேல் போனால் மாதிரி எடுக்காதீர்கள். சில வழிகாட்டிகள் 10 சதவீதம் வரை ஏற்கின்றன. பூஜ்யம் வரக்கூடிய மனையில் 5-ஐத் தாண்டவிடாமல் இருப்பதே நல்லது.

4. கசிந்தால் மேல் பெண்டோனைட்டில் இன்னும் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் உப்பவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கசிந்தால் அரை மீட்டர் தள்ளிப் புதிய குழாய்.

சதுப்பு மண்ணிலும் பழைய குப்பைமேட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. வெப்பக் கடத்தலால் ஹீலியத்தை அளக்கும் கருவி மீத்தேனையும் ஹீலியம் என்றே காட்டும். கூடாரத்தில் ஹீலியம் விடுவதற்கு முன்பே குழாயை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் வீணாகக் குழாயைப் பிடுங்கவேண்டியிருக்காது.

ஹீலியம் சோதனையில் தேறிவிட்டது, வெற்றிடம் ஏறவே இல்லை, ஆக்சிஜன் மட்டும் 20.9 என்றால்? பக்கத்தில் கேபிள் அல்லது குழாய் போட்ட சரளைப் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். அது வெளிக்காற்றின் நெடுஞ்சாலை. உள்ளூர் மன்றத்தின் வரைபடத்தை மட்டும் நம்பாமல், தரையில் ஒட்டுப்போட்ட தார், மூடிகள் ஆகியவற்றையும் பின்தொடர்ந்து நடந்து பாருங்கள். துளையிடும் முன் மின், எரிவாயு, குடிநீர்க் குழாய்களுக்காக எப்படியும் செய்யவேண்டிய வேலைதான் அது.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் பூஜ்யம்

கசிவு இல்லை, ஓட்டம் நன்றாக இருக்கிறது, பி.ஐ.டி. 0.0 காட்டுகிறது. பி.ஐ.டி. என்பது புறஊதா விளக்கால் ஆவியை அயனியாக்கி அளக்கும் கைக்கருவி. இப்போது ஐந்து கேள்விகள் கேட்கவேண்டும், வரிசை முக்கியம்.

தேடும் பொருள் ஆவியாகி மேலே வரக்கூடியதுதானா? நீரிலிருந்து காற்றுக்குப் போகும் விகிதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. 25 டிகிரியில் வினைல் குளோரைடுக்கு ஏறக்குறைய 1.1, உலர்சலவையில் பயன்படும் பி.சி.இ.க்கு 0.7, டி.சி.இ.க்கு 0.4, பென்சீனுக்கு 0.22. பெட்ரோலில் சேர்க்கப்படும் எம்.டி.பி.இ.க்கு வெறும் 0.025. 1,4-டையாக்ஸேனுக்கு 0.0002. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீரில் லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் பென்சீன் இருந்தால், நீர்ப்பரப்பை ஒட்டிய வாயுவில் லிட்டருக்கு 220 மைக்ரோகிராம், அதாவது பத்து லட்சத்தில் சுமார் 69 பங்கு, 69 பி.பி.எம். அதே அளவு எம்.டி.பி.இ. என்றால் 7 பி.பி.எம். இது நீர்ப்பரப்பில் உள்ள அளவு. ஈரப்பட்டையைத் தாண்டி மேலே வரும்போது நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தேய்ந்துவிடும். 0.1 பி.பி.எம்.க்குக் கீழே கண் தெரியாத கருவியைக் கொண்டு எம்.டி.பி.இ.யைத் தேடுவது வீண் வேலை. டீசல், மசகு எண்ணெய் இரண்டும் அப்படித்தான். குளிர்நாட்டுக் கையேடுகள் நிலத்தடி நீர் 10 டிகிரி என்று கொண்டு இந்த விகிதத்தைப் பாதியாக்கச் சொல்லும். இங்கே நிலத்தடி நீர் 27, 28 டிகிரி. 25 டிகிரி எண்ணையே பயன்படுத்தலாம்.

கருவியால் அதைப் பார்க்க முடியுமா? பெரும்பாலான பி.ஐ.டி.களில் 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்கு இருக்கும். பென்சீனுக்கு 9.24, டி.சி.இ.க்கு 9.45, வினைல் குளோரைடுக்கு 9.99 வேண்டும், அவை தெரியும். குளோரோஃபார்முக்கு 11.37, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 11.47, 1,1,1-ட்ரைக்குளோரோஈத்தேனுக்கு 11.0. இவை எவ்வளவு இருந்தாலும் அந்த விளக்குக்குத் தெரியாது. 11.7 விளக்கு பார்க்கும். ஆனால் அதன் லித்தியம் புளோரைடு ஜன்னல் நம் ஈரக் காற்றில் சீக்கிரம் மங்கிவிடும். அதற்குப் பதில் கேனிஸ்டரில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது மேல்.

வழியில் நுண்ணுயிர்கள் தின்றுவிட்டனவா? பெட்ரோல் விஷயத்தில் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். ஆக்சிஜன் உள்ள ஒன்றிரண்டு மீட்டர் மண்ணைக் கடப்பதற்குள் பென்சீனை நுண்ணுயிர்கள் பல்லாயிரம் மடங்கு குறைத்துவிடும். அதே நேரத்தில் அவை தடயத்தையும் விட்டுப் போகும். ஒரு பங்கு பென்சீனை எரிக்க ஏழரைப் பங்கு ஆக்சிஜன் செலவாகி, ஆறு பங்கு கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. ஆகவே பி.ஐ.டி. பூஜ்யம், ஆனால் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே, கார்பன் டைஆக்சைடு 10 சதவீதத்துக்கு மேலே என்றால், அது 'சுத்தம்' என்பதற்கான சான்று அல்ல. அடியில் ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது. சுத்தமான பகுதியில் இரண்டு மூன்று ஒப்பீட்டுக் குழாய்கள் போட்டிருந்தால்தான் இதைத் துணிந்து சொல்லமுடியும். கரிச்சத்து நிறைந்த சதுப்பு மண்ணும் இதே எண்களைத் தரும். டி.சி.இ., பி.சி.இ. இப்படி ஆக்சிஜனில் எரிந்துபோவதில்லை. அவற்றுக்கு இந்தத் தடயம் உதவாது.

நீர்மட்டத்தின் மேல் சுத்தமான மழைநீர் படிந்திருக்கிறதா? மாசு மூலத்திலிருந்து தள்ளிப் போகப் போக, இறங்கும் மழைநீர் அதன் மேல் ஓர் அடுக்காகப் போர்த்திவிடும். நீருக்குள் ஆவி ஊடுருவும் வேகம் காற்றில் உள்ளதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. முப்பது செ.மீ. சுத்த நீர் போதும், கீழே உள்ள மாசு மேலே தெரியவே தெரியாது. மூலத்தின் அருகே வாயு இருந்து, நீர் ஓடும் திசையில் திடீரென்று நின்றுபோனால், மாசு அங்கே முடிந்துவிட்டது என்று எழுதாதீர்கள். கீழே இறங்கியிருக்கலாம். இதைக் கிணறு போட்டுத்தான் தீர்க்கமுடியும்.

நடுவில் அடைப்பு இருக்கிறதா? துளையிடும்போது வந்த மண்ணை வரிசையாகப் பிளாஸ்டிக் தாளில் பரப்பி வைத்துப் பார்த்தால் தெரியும். ஈரமான களிமண் பட்டை ஒன்று குழாய் முனைக்குக் கீழே இருந்தால், நீங்கள் அளப்பது அந்தப் பட்டைக்கு மேல் உள்ளதை மட்டும்.

அறிகுறி: பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் நூறு மடங்கு வேறுபாடு

மூன்று மீட்டர் இடைவெளியில் ஒன்று 200 பி.பி.எம்., மற்றது 2. கருவியைத் திட்டுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். சுங்கை பீசியில் தொடங்கி கோலாலம்பூரைச் சுற்றிப் பல இடங்களில் கீழே இருப்பது பழைய வெள்ளீயச் சுரங்கக் கழிவு. தாது கழுவியபோது மணல் ஒரு பக்கமும் சேறு ஒரு பக்கமும் படிந்திருக்கும். மணலைக் கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். சேற்றை விரலிடுக்கில் நசுக்கினால் வெண்ணெய் போல வழுக்கி, காய்ந்ததும் மாவாகும். ஆவி மணல் வழியாகப் பக்கவாட்டில் ஓடும், சேற்றில் முட்டி நிற்கும். இங்கே 15 மீட்டர் கட்டத்தில் குழாய் போட்டால் வரைபடம் அர்த்தமே இல்லாமல் வரும். 5 மீட்டருக்கு நெருக்குங்கள். ஒவ்வொரு குழாயின் முனையும் எந்த மண்ணில் நிற்கிறது என்று எழுதுங்கள். மணலில் நிற்பதை மணலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: கைக்கருவி தானாக ஏறுகிறது

குளிரூட்டிய வண்டியிலிருந்து பி.ஐ.டி.யை எடுத்து நேராக வெயிலில் வைத்தால், சில நிமிடங்களில் 0.0 மெல்ல 3, 8, 15 என்று ஏறும். முன்னால் எந்தக் குழாயும் மாட்டியிருக்காது. 20 டிகிரியில் குளிர்ந்த கருவியின் விளக்கு ஜன்னலில், குளிர்ந்த கோப்பையின் வெளிப்புறத்தில் படிவது போல ஈரம் படிகிறது. ஜன்னலிலும் மின்முனைகளிலும் தூசியும் இருந்தால் ஈரமும் தூசியும் சேர்ந்து மின்சாரத்தைக் கசியவிடும். அதைத்தான் கருவி ஆவி என்று காட்டுகிறது.

உள்ளங்கையைக் குவித்து உறிஞ்சுமுனையின் அருகே பிடித்துப் பாருங்கள். எண் கிடுகிடுவென்று ஏறினால் ஈரக் கசிவுதான். விளக்கைக் கழற்றி மெத்தனால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலரவிட்டு, கருவியை வெளிவெப்பத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் பிறகே 100 பி.பி.எம். ஐசோபியூட்டிலீன் கொண்டு அளவு திருத்தம். காலையில் அலுவலகத்தில் திருத்திவிட்டு வந்தோம் என்பது போதாது.

நேர்மாறான பிழையும் உண்டு, அதுதான் கூடுதல் ஆபத்து. சுத்தமான விளக்கு இருந்தாலும், ஈரம் நிறைந்த வாயு உண்மை அளவைக் குறைத்துக் காட்டும். மீத்தேன் மிகுந்தாலும் அப்படியே. மண்வாயு எப்போதும் ஈரம் நிறைந்ததுதான். ஆகவே கைக்கருவியின் எண்ணை எந்தக் குழாய் மேல், எந்தக் குழாய் கீழ் என்று வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குத் தொடர்பே இல்லாத ஆவிகளும் வந்து சேரும்: பி.வி.சி. ஒட்டுப்பசை, மார்க்கர் பேனா, ஒட்டுநாடா, கொசு விரட்டி பூசிய கை, அருகில் ஓடும் ஜெனரேட்டர். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று மாதிரி, அதாவது அதே குழாய், அதே இணைப்பு வழியாகச் சுத்தமான காற்று, எடுத்து வைத்தால் இவற்றைப் பிரித்துவிடலாம்.

அறிகுறி: காலையில் ஓர் எண், மாலையில் வேறு எண்

உடனே காற்றழுத்தத்தின் மேல் பழி போடுவார்கள். நம் பகுதியில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது உண்மைதான். கடிகாரப்படி காலை, இரவு 11 மணிவாக்கில் உச்சம். மாலை, விடியற்காலை 5 மணிவாக்கில் தாழ்வு. வேறுபாடு 3, 4 ஹெக்டோபாஸ்கல். அதாவது மொத்த அழுத்தத்தில் 0.4 சதவீதம். நீர்மட்டம் 5 மீட்டரில் இருந்தால் மண்வாயு 2 செ.மீ. மேலே கீழே நகரும். 2 மீட்டரில் இருந்தால் ஒரு செ.மீ. கூட இல்லை. ஒன்றரை மீட்டரில் நிற்கும் குழாயின் எண்ணை அது இரட்டிப்பாக்காது.

உண்மையான காரணம் பெரும்பாலும் மழை. பிற்பகல் இடிமழை மேல்மண்ணின் இடுக்குகளை அடைக்கும். திறந்த வெளியில் வாயு ஓட்டம் நிற்கும். வெளியேற வழி இல்லாத ஆவி கட்டடத்தின் அடியில் சேர்ந்து அங்கே எண் ஏறும். 13 மி.மீ. அளவுக்கு மழை பெய்தால் ஐந்து நாள் காத்திருங்கள் என்று கலிபோர்னியாவின் வழிகாட்டி சொல்கிறது. அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் அப்படி ஐந்து நாள் எங்கே கிடைக்கும்? கோலாலம்பூர் வேலையை ஜூன், ஜூலைக்கும் பினாங்கு வேலையை ஜனவரி, பிப்ரவரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தளத்துக்கு அடியில் உள்ள குழாய்களுக்கு முதலிடம் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே முற்பகலில் எடுத்து முடியுங்கள். மனையில் ஒரு மழைமானி வைப்பதற்குச் செலவு ஒன்றும் பெரிதல்ல.

அறிகுறி: ஆய்வுக்கூட எண் கள எண்ணோடு ஒத்துப்போகவில்லை

முதலில் அலகு. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது கனமீட்டருக்கு 1,000 மைக்ரோகிராம். இந்த ஆயிரம் தவறுவதால்தான் பாதிக் குழப்பம். பி.பி.எம்.ஐ மாற்ற, 1 பி.பி.எம். பென்சீன் கனமீட்டருக்கு 3.2 மி.கி., டி.சி.இ. 5.4, பி.சி.இ. 6.8. அடுத்து, ஐசோபியூட்டிலீனில் திருத்திய பி.ஐ.டி. டி.சி.இ.யை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டும், 0.54 ஆல் பெருக்கவேண்டும்.

அலகு சரி என்றால் கொள்கலனைப் பாருங்கள். கேனிஸ்டர் களத்துக்கு வரும்போது 30 அங்குல பாதரசத்தை ஒட்டிய வெற்றிடம் இருக்கவேண்டும். 5 அங்குலம் மிச்சம் இருக்கும்போது மூடவேண்டும். ஆய்வுக்கூடம் பெற்றுக்கொண்டபோது அந்த 5 பூஜ்யமாகியிருந்தால் வழியில் காற்று புகுந்திருக்கிறது. அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். கேனிஸ்டரைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே நீர் படிந்து ஆவியைக் கரைத்துக்கொள்ளும். உறிஞ்சுதூள் நிரப்பிய குழல்களைத்தான் 4 டிகிரியில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பை என்றால் வெயில் படாமல் மூடி, அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.

புதைத்து வைத்து எடுக்கும் உறிஞ்சிகளின் முடிவு நானோகிராமில் வரும். அதைக் கனமீட்டர் கணக்குக்கு மாற்ற முயலவேண்டாம். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை மண்ணில் கிடந்து எவ்வளவு சேர்த்தது என்றுதான் அது சொல்கிறது. பம்புக்கு மசியாத களிமண்ணில் அது ஒரு வரப்பிரசாதம், ஆனால் இடம் காட்ட மட்டும்.

அறிகுறி: வாயு அதிகம், கிணற்று நீர் சுத்தம்

மூலம் நீருக்கு மேலேயே இருக்கலாம்: தொட்டியின் நிரப்புவாயில் சிந்தல், சாக்கடைக் குழாய் வழியே வந்த ஆவி, தரைக்கு அடியில் ஊறிய கரைப்பான். இதைத் தீர்க்க அதே இடத்தில் இரண்டு ஆழத்தில், 1 மீட்டரிலும் 2 மீட்டரிலும், குழாய் போடுங்கள். ஆழம் போகப் போக எண் ஏறினால் மூலம் கீழே. ஆழத்தில் குறைந்தால் மேலேயோ பக்கவாட்டிலோ. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்துவிட்டால் தேவையில்லாத கிணறுகளைத் தவிர்த்துவிடலாம்.

கீழேதான் என்று தெரிந்தும் கிணற்றில் ஒன்றும் வரவில்லை என்றால் கிணற்றின் சல்லடை, அதாவது நீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்ப் பகுதி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் மிதக்கும், சல்லடை நீர்மட்டத்தின் குறுக்கே, மழைக்கால ஏற்றத்துக்கு மேலே அரை மீட்டராவது நீண்டிருக்கவேண்டும். நீருக்குள் முழுதும் மூழ்கிய சல்லடை மிதக்கும் எண்ணெயைப் பார்க்கவே பார்க்காது. டி.சி.இ., பி.சி.இ. நீரைவிடக் கனம், அடிக்களிமண் அல்லது பாறை வரை இறங்கும். அவற்றுக்கு அடியில் குட்டைச் சல்லடையோடு இரண்டாவது கிணறு வேண்டும். மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009-இல் வெளியிட்ட மாசடைந்த நில வழிகாட்டிகளின் தர அளவுகளோடு ஒப்பிட, அந்தக் கிணறுகளின் நீர் மாதிரியும் துளையிட்ட மண் மாதிரியும்தான் தேவைப்படும்.